எரிமலைக்குப் போகக் காசு வாங்குவது எப்படி?

பிஎச்.டி. பதிவு செய்த கையோடு ஒரு முடிவு எடுத்துவிடுங்கள்: செத்த எரிமலையா, உயிரோடு இருப்பதா? விவரம் தெரிந்தவர்கள் செத்ததைத்தான் எடுப்பார்கள். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கொட்டிய டெக்கான் டிராப் லாவா மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதியைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறது. புணேயில் அரசு பஸ் ஏறினால் மகாபலேஷ்வர் வரை வழிநெடுக அதே பாறைதான். டிக்கெட்டை ஒட்டிப் பயணப்படி பில் போட்டால் பாஸாகிவிடும். கைடும் வருவார், குடும்பத்தோடு.

இல்லை, புகைகிற மலைதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், இந்தியாவில் இருப்பது ஒன்றே ஒன்று: அந்தமான் கடலில் பாரன் தீவு. போர்ட் பிளேரிலிருந்து வடகிழக்கே சுமார் 140 கி.மீ. கடலுக்கு மேல் தெரிவது 350 மீட்டர் சொச்சம். மிச்சம் 2 கி.மீ.க்கு மேல் தண்ணீருக்குள். ஆள் குடியிருப்பு கிடையாது. வனவிலங்கு சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் காலை வைக்க முடியாது. அனுமதி கேட்டால், “நிதி கிடைத்துவிட்டதா?” என்பார்கள். நிதி கேட்டால், “அனுமதி கிடைத்துவிட்டதா?” என்பார்கள். இரண்டு கடிதங்களையும் ஒரே நாளில் தபாலில் சேர்த்துவிட்டுக் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளுங்கள்.

கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்குபவராக இருந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது சாப்பாட்டுக்கும் வாடகைக்கும். ஆய்வுச் செலவுக்கென்று சி.எஸ்.ஐ.ஆர். தரும் கன்டின்ஜென்சி ஆண்டுக்கு 20,000. அதில் படகு பிடிக்க வேண்டும். படகுக்கு மூன்று கொட்டேஷன் வேண்டும் என்பார் அக்கவுண்ட்ஸ் செக்ஷன் கிளார்க். மீன்பிடிப் படகுக்காரரிடம் போய் லெட்டர்பேட், சீல், ஜி.எஸ்.டி. நம்பர் கேளுங்கள், அவர் முகத்தில் தெரியும் கொதிப்பையும் வேண்டுமானால் தரவாகக் குறித்துக்கொள்ளலாம். இன்னொன்று: போர்ட் பிளேருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். அனுமதிக் கடிதத்தில் ஒரு பெயரும் பில்லில் இன்னொரு பெயரும் இருந்தால், இரண்டு ஊருக்குப் போனதற்கான விளக்கத்தைத் தயாராக வைத்திருங்கள்.

இந்தக் காசு போதாது, தனித் திட்டமாகவே நிதி கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும். அந்த விண்ணப்பத்தில்தான் சாமர்த்தியம் வேண்டும். ‘இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?’ என்று ஒரு கட்டம் வரும். ஆளே இல்லாத தீவில் யாருக்குப் பயன் என்று மலைக்காதீர்கள். ‘பேரிடர்’ என்ற சொல்லைத் தாராளமாகத் தூவுங்கள். அங்கே காட்டு ஆடுகள் மேய்கின்றன என்பது உண்மைதான். அதை மட்டும் எழுதிவிடாதீர்கள். கோப்பு கால்நடைத் துறைக்குப் போய்விடும்.

அடுத்த கட்டம் காலாண்டு வாரியான வேலைத் திட்டம். 1787-இல் வெடித்ததாகப் பதிவான மலை, பிறகு சில தடவை சீறிவிட்டு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் குறட்டை விட்டு, 1991-இல் எழுந்தது. அது எந்தக் காலாண்டில் பொங்கும் என்று நீங்கள் எழுதித்தர வேண்டும். மூன்றாம் காலாண்டு என்று போடுங்கள். நான்காவதில் பொங்கினால் மார்ச் 31-க்குள் பில் போட முடியாது. பணம் திரும்பிப் போய்விடும். முதல் இரண்டில் பொங்கினால் பணமே வந்திருக்காது.

ஆனால் எல்லாவற்றிலும் சுருக்கமான வழி ஒன்று உண்டு: எரிமலைக்கென்று கேட்காதீர்கள். சேற்றுக்குக் கேளுங்கள். 2017 ஜனவரி 23 பிற்பகல், கோவா தேசிய கடலியல் நிறுவன விஞ்ஞானிகள் ‘சிந்து சங்கல்ப்’ கப்பலில் பாரன் தீவுக்குப் பக்கத்தில் கடலடி மாதிரிகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். மலை திடீரென்று சாம்பலைக் கக்கியது. சுமார் ஒரு மைல் தள்ளிப்போய் நின்று பார்த்தார்கள். ஐந்து, பத்து நிமிடம் கக்கும், ஓயும், மறுபடி கக்கும். பகலில் வெறும் சாம்பல் மேகம்தான். பொழுது சாய்ந்த பிறகே வாயிலிருந்து செந்நிற லாவா பீறிடுவதும் சரிவில் வழிவதும் தெரிந்தன. வெடிப்பைப் பார்க்கப் போகிறோம் என்று எழுதிக் கேட்டிருந்தால், எந்தக் கமிட்டி தேதி குறித்துக் கப்பல் கொடுத்திருக்கும்?

திரும்பி வந்ததும் உடனே யூ.சி., அதாவது நிதிப் பயன்பாட்டுச் சான்றிதழ், கொடுக்க வேண்டும். ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவம், கைடு கையெழுத்து, பதிவாளர் கையெழுத்து, நிதி அதிகாரி கையெழுத்து. மூன்று பேரும் ஒரே வாரத்தில் ஊரில் இருப்பது பாரன் தீவு வெடிப்பதைவிட அபூர்வம். கொண்டுவந்த கற்களை ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றுங்கள். ஆனால் ஏற்றுவதற்கு முன் யோசித்துக்கொள்ளுங்கள்: வேதியியல் பகுப்பாய்வுக்குக் கல்லை மாவாக அரைக்க வேண்டும். அடுத்த வருடம் ஆடிட்டர் வந்து, பதிவேட்டில் இருக்கும் கல் எங்கே என்பார். மாவைக் காட்டினால், “இதற்குத் தனி என்ட்ரி போட்டீர்களா?” என்பார்.