வளவு தேவை

உரும்பிராயில் எங்கள் வீட்டுக் கிடுகு வேலியின் அடியில் ஒரு பொட்டு இருந்தது. வீமன் போட்டது. இரண்டு பூவரசங் கதியால்களுக்கு நடுவே, ஒரு நாய் தலையைத் தாழ்த்தி முதுகை நெளித்தால் போகக்கூடிய அளவு. வருசா வருசம் வேலி அடைக்கும்போது அப்பா அதையும் சேர்த்து அடைப்பிப்பார். புதுக்கிடுகின் மணம் போக முதலே வீமன் அதே இடத்தைப் பிரித்துவிடும். கடைசியில் வேலி அடைக்க வந்தவரே, "மாஸ்டர், உதை விடுங்கோ. நாய்க்கும் ஒரு படலை வேணுந்தானே" என்று சொல்லிவிட்டார். அதோடு அந்தப் பொட்டு சட்டபூர்வமாகிவிட்டது.

பெயர்தான் வீமன். விலா எலும்பை எண்ணலாம். காலையில் பழஞ்சோற்றுத் தண்ணியைக் குடித்துவிட்டுப் பொட்டால் வெளியேறினால் ஒழுங்கை, கோயில் வீதி, வாழைத்தோட்டம், கிணற்றடி என்று சுற்றிவிட்டு, மத்தியானம் மீன் வெட்டுகிற நேரத்துக்குச் சரியாக, நாலு காலிலும் செம்மண்ணோடு வந்து நிற்கும். அது எங்கே போனது, யாரோடு போனது, ஓட இடம் போதுமா, மனம் சோர்ந்திருக்கிறதா என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. பிள்ளைகளைப் பற்றியே அப்படிக் கேட்காத காலம். நாய் வளர்த்தால் பதிவு செய்ய வேண்டும் என்று இலங்கையில் 1901ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கைவரை அது வந்து சேரவில்லை.

இப்போது எங்கள் வீடு சிட்னியின் மேற்கே, டூங்காபியில். வேலி கலர்பொண்ட் தகரம், ஆளுயரம். இதில் பொட்டுப் போடுவதென்றால் நாய்க்கு வெல்டிங் தெரிந்திருக்க வேண்டும். நாயின் பெயர் மோச்சா. மகள் ஆசைப்பட்டு வாங்கினாள். பிறகு அவளுக்கு மெல்பேர்ணில் வேலை கிடைத்தது, மோச்சாவுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே எங்களோடு இருக்கிறது.

மோச்சா கவூடில் வகை. பூடிலுக்கும் கவலியர் ஸ்பானியலுக்கும் பிறந்தது. ஊரில் இப்படிப் பிறந்த குட்டிகளைக் கண் திறந்த கையோடு சாக்கில் போட்டுக் கேட்டவருக்கெல்லாம் சும்மா கொடுப்பார்கள். இங்கே கலப்புக்குத்தான் விலை கூட. எவ்வளவு என்று அம்மாவுக்கு நாங்கள் இன்னமும் சொல்லவில்லை.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நாய்க்குட்டிக்கு 12 கிழமை ஆவதற்குள் தோலுக்கடியில் மைக்ரோசிப் வைக்க வேண்டும். 6 மாதத்துக்குள் பதிவு. வாசலைத் தாண்டினால் கழுத்துப்பட்டி, கயிறு, கயிற்றின் மறு நுனியில் அதைப் பிடித்து நிறுத்தக்கூடிய ஓர் ஆள். சிறுவர் ஊஞ்சல், சறுக்குமரம் இருக்கும் இடத்துக்கு 10 மீற்றருக்குள் கயிற்றோடும் போகக்கூடாது. கயிறில்லாமல் பிடிபட்டால் முந்நூறு டொலருக்கு மேல் தண்டம். குலைப்பது அளவு மீறினால் பக்கத்து வீட்டார் முறைப்பாடு செய்யலாம், கவுன்சில் 6 மாதத்துக்குச் செல்லுபடியாகும் கட்டளை பிறப்பிக்கலாம். வீமனுடைய ஒரு நாள் நடமாட்டத்துக்கு இந்தச் சட்டப்படி தண்டம் கட்டியிருந்தால் அப்பாவின் வாத்தியார் சம்பளம் முழுவதும் போயிருக்கும், பென்சனிலும் கை வைத்திருப்பார்கள்.

ஆனால் இதே 1998ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் இருக்கிறது. ஒவ்வொரு கவுன்சிலும் தன் எல்லைக்குள் நாயை அவிழ்த்து விடக்கூடிய பொது இடம் ஒன்றாவது எப்போதும் வைத்திருக்க வேண்டும். கட்டச் சொன்ன கையே அவிழ்க்கவும் இடம் ஒதுக்குகிறது. சட்டங்களில் இப்படி நியாயமான பிரிவுகள் அபூர்வம். எவ்வளவு பரப்பு, நிழல் உண்டா, தண்ணீர் உண்டா, வேலி உண்டா என்றெல்லாம் அது சொல்வதில்லை. சொல்லாத இடத்தில் கவுன்சில்கள் தாராளமாகப் புகுந்து விளையாடியிருக்கின்றன.

நாய்ப்பூங்கா பெரும்பாலும் வேறொன்றுக்கும் உதவாத காணியில்தான் அமையும். உலகத்தின் முதல் நாய்ப்பூங்கா என்று கலிபோர்னியாவில் பேர்க்லி நகரத்து ஓலோனி பூங்காவின் ஒரு மூலையைச் சொல்வார்கள். 1979. நிலத்தடி ரயில் போடுவதற்காக வீடுகளை இடித்து வெறுமையாய்க் கிடந்த நிலம் அது. எங்கள் பக்கத்திலும் உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழே, மழைத்தண்ணி வாய்க்கால் ஓரத்தில், வீடு கட்ட முடியாத கீலத்தில் கம்பிவலை அடித்து ஓஃப் லீஷ் என்று பலகை வைத்திருப்பார்கள். சென் பீற்றர்ஸில் இருக்கும் சிட்னி பார்க்கூட முன்பு செங்கல் சூளையும் குப்பைமேடுமாக இருந்த இடந்தான். சூளையின் புகைபோக்கிகள் இன்னும் நிற்கின்றன. சுமார் 40 ஹெக்ரேயர், அதில் பெரும்பகுதியில் நாய்க்குக் கயிறு வேண்டாம், நல்ல புல், நல்ல மேடு பள்ளம். டூங்காபியிலிருந்து அங்கே போக மோட்டர்வேக் கட்டணம் கட்ட வேண்டும். நாயை அவிழ்க்க நான் கட்டணம் கட்டுவதா என்று யோசித்தேன், பிறகு கட்டினேன்.

இவ்வளவு தூரம் ஏன் ஓடுகிறோம் என்று கேட்கலாம். எங்களுக்கும் பின்வளவு இருந்தது. எலுமிச்சை, கறிவேப்பிலை, துணி காயப்போடுகிற சுற்றுக்கம்பி, மிச்சமெல்லாம் புல். 2009இல் மாநில அரசு விதியைத் தளர்த்தியது. 450 சதுர மீற்றர் காணி இருந்தால், 60 சதுர மீற்றர் வரைக்கும் பின்னால் ஒரு கிரானி பிளாட் சுலபமாக அனுமதி எடுத்துக் கட்டலாம் என்றானது. பேரில் பாட்டி இருக்கிறாரே தவிர எங்கள் பகுதியில் எந்தப் பாட்டியும் அதில் குடியிருந்து நான் பார்த்ததில்லை. வென்வேர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று தமிழர் நெருங்கி வாழும் இடங்களில் கலியாண வீட்டுப் பந்தியில் இரண்டாவது கதை இதுதான்: "நீங்கள் பின்னுக்குக் கட்டியிட்டியளோ?" நாங்களும் கட்டினோம். இப்போது அங்கே ஒரு மாணவத் தம்பதி இருக்கிறார்கள், கிழமை தவறாமல் வாடகை வருகிறது. அந்த வாடகையில் ஒரு பங்கு, இல்லாமற் போன புல்லைத் தேடி நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போகிற பெற்றோலுக்குப் போகிறது.

அம்மா விசிற்றர் விசாவில் வந்திருந்தபோது ஒருநாள் அவவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"தம்பி, நாயை எங்க கொண்டு போறாய்?"

"அவிட்டு விட, அம்மா."

"அவிட்டு விடவோ? காரிலயோ?"

பூங்காவுக்கு இரட்டைக் கதவு. முதல் கதவால் உள்ளே போய் அதைக் கொளுவிவிட்டு, நடுவிலுள்ள சின்னக் கூட்டுக்குள் நின்று கயிற்றைக் கழற்றி, பிறகுதான் இரண்டாவது கதவைத் திறக்க வேண்டும். உள்ளே நிற்கும் நாய்கள் எல்லாம் அவிழ்ந்து நிற்க, புதிதாக வருவது மாத்திரம் கயிற்றில் மாட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பயம் பிடிக்கும், சண்டை அங்கேதான் தொடங்கும். அதற்குள் கதவுக்கு அந்தப் பக்கம் ஏழெட்டு மூக்குகள் வரிசையாக வந்துவிடும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஊரார் வந்து கம்பிக்கு வெளியே நிற்கிற மாதிரி. மோச்சா உள்ளே போய், ஒரு பெரிய ஸ்ராஃபி நாய்க்குத் தன் பின்பக்கத்தைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, நேரே வந்து என் சப்பாத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது.

அம்மா சுற்றிவரப் பார்த்தா. "இதுவும் வேலிதானே. வீட்டில கிடக்கிற வேலி காணாதே?"

நான் பதில் சொல்வதற்குள் மோச்சா எழும்பி மூலைக்குப் போய்த் தன் அலுவலைப் பார்த்தது. நான் பச்சைப் பையை உருவிக்கொண்டு போனேன்.

"சீ, விடடா. மண் தின்னும்."

எம்.எஸ்சி. படித்த மகன் குனிந்து அள்ளி முடிச்சுப் போடுவதை அவ கடைசிவரை பார்க்கவில்லை, மின்கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றா.

ஊரில் நாய்க்கு அடையாளம் வீட்டுக்காரர்தான். வாத்தியார் வீட்டு நாய், சங்கக்கடை மனேச்சர் வீட்டு நாய். இங்கே தலைகீழ். பின்னேரங்களில் அந்தப் பூங்காவுக்கு வருகிறவர்களில் ஒருவருடைய பெயரும் எனக்குத் தெரியாது. பெல்லாவின் அம்மா, றொக்கியின் தாத்தா, சார்லியின் புது போய்பிரெண்ட். நான் மோச்சாவின் அப்பா. பெல்லாவின் அம்மாவுக்கு முழங்கால் சத்திரசிகிச்சை நடந்தது, றொக்கியின் தாத்தா வீட்டை விற்கப் போகிறார் என்பதெல்லாம் தெரியும். பெயர் கேட்கிற கட்டத்தை எல்லோரும் தாண்டிவிட்டோம், இனிக் கேட்டால் மரியாதை இல்லை.

நல்ல பூங்கா எது என்று கேட்டால், என் பட்டறிவில், பலகையைப் பார்க்காதீர்கள், ஆட்களைப் பாருங்கள். முதல் தடவை நாயை வீட்டில் விட்டுவிட்டு, நீங்கள் வழக்கமாகப் போகக்கூடிய நேரத்தில் தனியே போய்க் கால் மணி நேரம் நில்லுங்கள். வந்தவர்கள் தங்கள் நாயைப் பார்க்கிறார்களா, போனைப் பார்க்கிறார்களா? தூரத்தில் இருந்து "ஹி இஸ் ஃபிரெண்ட்லி!" என்று கத்துகிறவர் இருந்தால், அந்த நாய் வந்து சேர உங்களுக்கு மூன்று செக்கன் இருக்கிறது என்று அர்த்தம். சின்ன நாய்களுக்குத் தனி அடைப்பு இருந்தால் நல்லது. வெயில் தொடங்குகிற காலத்தில் புல்லைக் கையால் தடவிப் பாருங்கள். பிண்டி என்கிற முள் விதை நெருஞ்சியை விடச் சின்னது, கால்விரலுக்கு இடையில் ஏறினால் ஓடிக்கொண்டிருந்த நாய் ஒரு காலைத் தூக்கியபடி அந்த இடத்திலேயே நின்றுவிடும். தடுப்பூசி முழுக்க முடியாத குட்டியைக் கொண்டு போகவே வேண்டாம், பார்வோ கிருமி மண்ணில் நெடுநாள் கிடக்கும். டூன்சைட்டில் பங்காரிபீ பூங்காவில் விசாலமான அடைப்பு இருக்கிறது, மேற்கில் இருப்பவர்களுக்கு அது வாய்ப்பு. விளையாட்டு மைதானத்தைச் சில மணி நேரங்களுக்கு மட்டும் அவிழ்த்து விட அனுமதிக்கிற கவுன்சில்களும் உண்டு. நேரத்தைச் சரியாகப் பாருங்கள். எங்கள் பெடியளின் கிரிக்கெட் பந்து நாயின் வாயில் போனால் அது பவுண்டரியா இல்லையா என்ற விவாதம் இருட்டும்வரை போகும்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. இலங்கையில் 1973ஆம் ஆண்டில் மட்டும் விசர்நாய்க்கடியால் 377 பேர் செத்தார்கள். கடிபட்டவர்களுக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட கதையைக் கேட்டு நாங்கள் நித்திரையில் அலறியிருக்கிறோம். சுருக்குத் தடியோடு நாய்பிடிகாரர் வருவதும் உண்டு, 2006க்குப் பிறகுதான் தெருநாயைக் கொல்வதில்லை என்று அரசு முடிவெடுத்தது. ஆஸ்திரேலிய நாய்களிடம் விசர்நோய் இல்லை. கயிறும் சிப்பும் தண்டமும் கேலிக்கு உரியவைதான், ஆனால் அவற்றைக் கேலி செய்கிற நேரத்தில் என் கால் பத்திரமாக இருக்கிறது.

வீமன் ஒருநாள் பொட்டால் போய்ப் பலாலி வீதியில் லொறிக்குள் அகப்பட்டது. அப்பா பொட்டை அடைக்கவில்லை. அடுத்த நாய் வந்தது, அதற்கும் வீமன் என்றே பெயர். அந்த இரண்டாவது வீமனின் காலத்தில்தான் இந்திய இராணுவம் வந்தது. இரவில் ஒழுங்கை ஒழுங்கையாக நாய்கள் குலைத்துக்கொண்டு வரும். எந்தச் சந்தியில் ஆட்கள் நிற்கிறார்கள், எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்று பாயில் கிடந்தபடியே கணக்குப் பார்க்கலாம். எங்கள் வீமன் குலைக்கத் தொடங்கினால் அம்மா விளக்கை அணைப்பா. இன்றைக்கு மோச்சா குலைத்தால் நான் ஓடிப்போய் யன்னலைச் சாத்துகிறேன், கிரானி பிளாட் தம்பதி கவுன்சிலுக்கு எழுதிவிடக்கூடாதே என்று.

எங்கள் உள்ளூர்ப் பூங்காவில் ஒரு வாங்கு, ஒரு குழாய், குழாயடியில் நாய்க்கு ஒரு கிண்ணம், சுற்றிவரக் கம்பிவலை. மரம் ஒன்றுகூட இல்லை. மேற்குச் சிட்னியின் வெயிலைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: 2020 ஜனவரி 4ஆம் திகதி பென்ரித்தில் 48.9 பாகை பதிவானது. தை மாதத்தில் அந்த அடைப்புக்குள் நாயும் ஓடாது, நாயின் அப்பாவும் நிற்கமாட்டார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். போன கவுன்சில் தேர்தல் 2024 செப்ரெம்பரில் முடிந்தது, அடுத்தது 2028இல். அதற்குள் நம்மவர்கள் மண்டபம் கேட்டும் முதியோருக்கு நிலையம் கேட்டும் கட்டாயம் கடிதம் எழுதுவீர்கள். எழுதும்போது கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: நாய்ப்பூங்காவில் நிழல் மரம் நட வேண்டும். மரம் எழும்பி நிழல் விழ எத்தனையோ வருசமாகும், ஆகையால் இந்த மாதமே எழுதுங்கள். கையெழுத்துப் போதாவிட்டால் என்னையும் சேர்க்கலாம். மோச்சாவின் அப்பா என்று போடுங்கள், அங்கே எல்லோருக்கும் தெரியும்.