துண்டாருக்கு ஜன்னலோரம்

ஆன்மிகச் சுற்றுலா அதிபர் அவர்களின் திருச்சமூகத்துக்கு,

தங்கள் புண்ணியத்தில் தர்மஸ்தலா, குக்கே, உடுப்பி, கொல்லூர், சிருங்கேரி யாத்திரையை முடித்துக்கொண்டு நேற்றுதான் ஓசூர் வந்து சேர்ந்தோம். மஞ்சுநாதர் முதல் சாரதாம்பாள் வரை ஐவரின் தரிசனமும் நல்லபடியாகக் கிடைத்தது. அதற்கெல்லாம் முன்பாக, வண்டியில் ஏறியதுமே ஆறாவதாக ஒரு தரிசனத்தையும் தாங்கள் ஏற்பாடு செய்திருந்தீர்கள். நான்காவது வரிசை ஜன்னலோரத்தில் எழுந்தருளியிருந்த திருவாளர் துண்டு. வெள்ளை உடம்பு, பச்சைக் கரை, ஒரு மூலையில் பாக்குக் கறை.

அவர் கிருஷ்ணகிரியிலேயே ஏறிவிட்டாராம். அவருக்குச் சொந்தக்காரர் அத்திப்பள்ளியில் ஏறுவாராம். என் அம்மாவுக்கு வயது எழுபத்தொன்று. உட்காரலாமா என்று துண்டின் நுனியைத் தொட்டதற்கே பக்கத்து சீட்டிலிருந்து “ஆள் வருதுங்க” என்று குரல் வந்தது. தங்கள் பொறுப்பாளர் தம்பியோ, “பாட்டி, பின்னாடி காலியா இருக்கு பாருங்க. கோயிலுக்குத்தானே போறோம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க” என்று கடைசி வரிசையைக் காட்டினார். சூளகிரி தாண்டி வரும்வரை யாரும் உட்காராத இடத்துக்கு இவ்வளவு மரியாதை என்றால், உட்கார்ந்தவர்களுக்கு எவ்வளவு இருக்கும் என்று வியந்தபடியே பின்னால் போனோம்.

தங்கள் இருக்கை சாஸ்திரம் எனக்கு இப்போது மனப்பாடம். முதல் இரண்டு வரிசை தங்கள் மைத்துனர் குடும்பத்துக்கு. அடுத்தது கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு. நடுப்பகுதி சூளகிரிக்கு. மிச்சம் மீதி ஓசூருக்கு. பணத்தை யார் முதலில் கட்டினார்கள் என்பதற்கு இதில் இடமே இல்லை. முன்பணம் முழுப்பணமாக எங்கள் தெருவிலிருந்துதான் முதலில் வந்தது என்று தாங்களே போனில் பாராட்டினீர்கள். பாராட்டு ஓசூருக்கு, ஜன்னல் துண்டாருக்கு. டைட்டன் வாட்ச் செய்யும் ஊரில் ஒன்பது மணி வண்டி பதினொன்றுக்கு வந்ததைக்கூட நான் குறையாகச் சொல்லவில்லை. துண்டார் சாவகாசமாகத்தான் புறப்பட்டிருப்பார்.

கடைசி வரிசை எப்படிப்பட்டது என்று லேலண்ட் லாரி கட்டுகிற ஊர்க்காரனுக்குத் தாங்கள் விளக்க வேண்டியதில்லை. பின் அச்சுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அது. சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் நடு சீட்டுக்காரர் ஒரு குலுங்கு குலுங்குவார். கடைசி சீட்டுக்காரர் சீட்டை விட்டு மேலே போய்த் திரும்பி வருவார். சாய்வு விசையும் அங்கே வேலை செய்யாது, பின்னால் சுவர். சக்லேஷ்பூர் தாண்டி ஷிராடி மலைப்பாதையில் வண்டி இறங்கியபோது அம்மா முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தவர், கீழே போய்ச் சேரும்வரை விடவில்லை. துண்டார் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அத்திப்பள்ளியில் ஏறவேண்டிய அவருடைய ஆள், “எலெக்ட்ரானிக் சிட்டியில் ஏறிக்கிறேன்” என்று சொல்லி, அப்புறம் வரவே இல்லை. ஆனாலும் சீட்டு காலியாகவில்லை. மைத்துனர் மகன் அதில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டான்.

ஐயா, பணம் வாங்கும்போது பெரியவர் சின்னவர் என்று பார்த்தா வாங்கினீர்கள்? எல்லாரிடமும் ஒரே தொகைதானே? இடுப்பு வலிக்காரி ஒருத்தி ராத்திரி முழுக்கத் தூக்கித் தூக்கிப் போடப்பட்டதைப் பார்த்தும் ‘அட்ஜஸ்ட்’ என்று சொல்ல ஒரு மனுஷனுக்கு வாய் எப்படி வரும்? இது ஏற்பாடு இல்லை, அயோக்கியத்தனம்.

மன்னிக்கவும். மலைப்பாதையை நினைத்ததும் எழுத்தும் கொஞ்சம் குலுங்கிவிட்டது. தங்கள் பெருமைக்குத் திரும்புகிறேன்.

அனைத்திந்திய சுற்றுலா அனுமதியில் ஓடும் வண்டியில் பயணிகள் பட்டியல் இருக்க வேண்டும் என்பது விதி. தாங்கள் விதியை மதிப்பவர், பட்டியல் இருந்தது. வாங்கிப் பார்த்தேன். பெயர், வயது, ஏறும் இடம் எல்லாம் இருந்தது. சீட் நம்பர்தான் இல்லை. துண்டாரின் பெயரும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாத ஒருவர் தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் போயிருக்கிறார் ஐயா. நாங்கள் யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை.

தர்மஸ்தலாவில் அன்னபூர்ணா கூடத்தில் வந்த வரிசைப்படி உட்கார்ந்து சாப்பிட்டோம். தினமும் ஆயிரக்கணக்கானவர் சாப்பிடும் இடத்தில் ஒருவர்கூட இலைக்குத் துண்டு போட்டு வைக்கவில்லை. உடுப்பியில் கனகன கிண்டியைப் பார்த்தோம். கோயிலுக்குள் விடாமல் நிறுத்தப்பட்ட கனகதாசருக்காகக் கண்ணன் மேற்கே திரும்பி நின்றான், அவர் பார்க்கச் சுவரே பிளந்து வழிவிட்டது என்பது ஐதீகம். பின்னால் நிற்கும் பக்தனுக்காகச் சாமி திரும்பிய ஊரில், தங்கள் பொறுப்பாளர் தம்பி கழுத்தைக்கூடத் திருப்பவில்லை. கொல்லூர் போவதற்குள் வண்டியில் எல்லாருமே தங்கள் சீடர்களாகிவிட்டார்கள். மூகாம்பிகைக்குப் போட்ட கும்பிடைப் பாதியில் முடித்துக்கொண்டு ஓடிவந்து துண்டு, ஸ்வெட்டர், தண்ணீர் பாட்டில், குழந்தையின் பால்புட்டி என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் போட்டு இடம் பிடித்தார்கள். பக்தியை இவ்வளவு சுறுசுறுப்பாக வளர்த்த பெருமை தங்களையே சேரும்.

இதற்கெல்லாம் மாற்று இல்லாமல் இல்லை. வெளிநாட்டுக் குழுச் சுற்றுலாக்களில் தினமும் காலையில் வரிசைப்படி சீட்டு மாற்றி உட்கார வைக்கும் வழக்கம் உண்டு. நேற்று முன்னால் இருந்தவர் இன்று பின்னால், சண்டையே கிடையாது. அவ்வளவு தூரம் போகவேண்டாம். நம்ம ரயில்வேயில் 60 வயதான ஆணுக்கும் 45 வயதான பெண்ணுக்கும் கீழ்ப்படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டர் வயதைப் பார்க்கிறது. பட்டியலில் வயதை எழுதி வாங்கிய தாங்கள் பார்க்கவில்லை.

தங்களிடம் கேட்பது அதிகமில்லை. ரசீதில் பெயருக்குப் பக்கத்தில் சீட் நம்பரை எழுதுங்கள். பணம் கட்டிய வரிசைப்படி எழுதுங்கள், வயதானவர்களைப் பின் அச்சுக்கு முன்னால் வையுங்கள். மற்றவர்களைத் தினம் ஒருமுறை மாற்றுங்கள். கடைசி வரிசைக்குக் கட்டணத்தைக் குறையுங்கள். ஆள் வராத துண்டுக்கு முழு டிக்கெட் வாங்குங்கள்.

இதைப் படிக்கும் ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த யாத்திரைக்குச் சீட் நம்பர் எழுதாத ரசீதைக் கொடுத்தால், முன்பணம் கட்டாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் கடைசி வரிசைப் பக்தன்