அரை டன் மாப்பிள்ளை

கிரீன் கார்டும் வீட்டுக் கடனும் கைக்கு வந்தபின் அமெரிக்கத் தமிழனுக்கு நாற்பத்தைந்து வயதில் ஒரு வியாதி வரும். சிலருக்கு மாரத்தானாக, சிலருக்குத் தாடியாக, சிலருக்கு மாடித் தோட்டமாக. எனக்கு பிக்கப் டிரக்காக வந்தது. டாலஸுக்கு வடக்கே குடியிருப்பவனுக்கு வேறு எப்படி வரும்? இங்கே குழாய் ரிப்பேர் செய்பவரும் பிக்கப்பில் வருகிறார். அவரைக் கூப்பிட்ட பல் டாக்டரும் பிக்கப்தான் வைத்திருக்கிறார். ஃபோர்டின் எஃப் வரிசை 1977 முதல் அமெரிக்க பிக்கப் விற்பனையில் முதலிடத்தை விடவில்லை. சிக்னலில் என் மினிவேனுக்கு இரண்டு பக்கமும் அவை வந்து நின்றால் எனக்குச் சிக்னலே தெரியாது.

ஆனால் பிக்கப் வாங்க வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். நான் அன்றாடம் ஏற்றி இறக்கும் சரக்கு ஒரு லேப்டாப் பை. அதற்கு இத்தனை பெரிய வண்டி எதற்கு என்று என் மனைவி கேட்பாள் என்று தெரியும். அதனால்தான் டிரக் கேம்பரைப் பிடித்தேன்.

டிரக் கேம்பர் என்பது பிக்கப்பின் பின் தொட்டியில் அப்படியே ஏறி உட்காரும் சின்ன வீடு. அடுப்பு, ஃப்ரிட்ஜ், சாப்பாட்டு மேசை, வசதியைப் பொறுத்துக் கழிப்பறை. டிரைவரின் தலைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும். டிரெய்லர்போல் இழுத்துக்கொண்டு போவதல்ல, சுமந்துகொண்டு போவது. போன இடத்தில் மூலைக்கொரு ஜாக்கை இறக்கிக் கேம்பரை நிறுத்திவிட்டு, அடியிலிருந்து வண்டியை மட்டும் உருவிக்கொண்டு பால் வாங்கப் போகலாம்.

"ஹோட்டல் வாடகையே மிச்சம்மா" என்றேன்.

"ஏனுங்க, ஹோட்டல்ல தங்குனா எனக்குச் சமையல் இல்லீங்க. இதுல?"

பதில் இல்லாதபோது இலக்கியத்தைத் துணைக்கு அழைப்பது என் வழக்கம். 1960-இல் ஜான் ஸ்டைன்பெக் ஜிஎம்சி பிக்கப் ஒன்றில் கேம்பரை ஏற்றிக்கொண்டு அமெரிக்காவைச் சுற்றக் கிளம்பினார். வண்டிக்கு டான் குவிக்ஸாட்டின் குதிரைப் பெயரான ரோசினான்டே என்று பெயர் வைத்தார். அந்தப் பயண நூல் வந்த 1962-இல்தான் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. வண்டி இன்றும் கலிபோர்னியாவில் சலினாஸ் நகரத்தில், அவர் பெயரிலுள்ள மையத்தில் நிற்கிறது. இதையெல்லாம் உணர்ச்சியோடு சொன்னேன்.

"அவரு சம்சாரத்தைக் கூட்டிட்டுக் கிளம்பலீங்களா?"

"சார்லின்னு ஒரு பூடில் நாயோடதான் கிளம்பினார்."

"அந்தம்மா விவரமானவங்க" என்றாள். இதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வண்டியை மனத்துக்குள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தேன். நீல நிறம். தோல் இருக்கை, அதில் முதுகு பிடித்துவிடும் வசதி. கூரை முழுக்கக் கண்ணாடி. ஐந்தரை அடித் தொட்டி. விளம்பரத் தாளில் பத்தாயிரம் பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்று போட்டிருந்தது. கேம்பர் மூவாயிரம் பவுண்டு. பொறியியல் படித்தவன் ஆதலால் பத்தாயிரம் மூவாயிரத்தைவிடப் பெரியது என்று உடனே புரிந்தது.

இந்த நேரம் பார்த்து ஆறு மாத விசாவில் மாமனார் வந்திருந்தார். நாமக்கல்காரர். லாரி வைத்து ஓட்டி, ஓய்வு பெற்று, லாரியைப் பற்றியே கனவு காண்பவர். கிராண்ட் கேன்யன் படத்தைக் காட்டினால் "ரோடு எப்படீங்க இருக்கு?" என்று கேட்பார். என் கணக்கை அவரிடம் பெருமையாகச் சொன்னேன். விளம்பரத் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"இழுக்கறது வேற, சுமக்கறது வேறங்க மாப்பிள்ளை. மாடு வண்டிய இழுக்குமுங்க. அதுக்காக வண்டியத் தூக்கி மாட்டு முதுகுல வெப்பீங்களா?"

மறுநாள் அவரையும் அழைத்துக்கொண்டு விற்பனைக் கூடத்துக்குப் போனேன். விற்பனையாளர் இளைஞர், நல்ல பேச்சுக்காரர். பானெட்டைத் திறந்து குதிரைத் திறன் சொன்னார். திரையைத் தொட்டு முதுகு பிடிக்கவிட்டார். நான் கண்ணை மூடி அனுபவித்துக்கொண்டிருந்தேன். மாமனார் பானெட் பக்கமே போகவில்லை. டிரைவர் கதவை அகலத் திறந்தார். சட்டைப் பையிலிருந்து வெள்ளெழுத்துக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். முழங்காலில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, கதவு மூடும் தூணில் ஒட்டியிருந்த மஞ்சளும் வெள்ளையுமான ஸ்டிக்கரை விரல் வைத்துப் படித்தார். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இந்த எடைக்கு மேல் போகவே கூடாது என்று கிலோவிலும் பவுண்டிலும் அதில் அச்சிட்டிருந்தது. என் நீல அழகி தூக்குவது 1,400 பவுண்டு சொச்சம்.

"கேம்பரை வெச்சா நீங்க பஸ்ஸுலதான் வரோணும்" என்றார் மாமனார்.

அந்த ஸ்டிக்கரை எப்படிப் பயன்படுத்துவது என்று வண்டியோடு தரும் கையேட்டில் ஒரு மாதிரிக் கணக்கும் உண்டு. 1,400 பவுண்டு தாங்கும் வண்டியில் 150 பவுண்டு ஆட்கள் ஐந்து பேர் ஏறினால் 750 போக, சாமானுக்கு மிச்சம் 650. கணக்கு சரிதான். ஆனால் ஆளுக்கு 150 பவுண்டு என்றால் 68 கிலோ. மாமனார் கையேட்டிலிருந்து கண்ணை எடுத்து என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார். நடுவில் கொஞ்சம் தாமதித்தார். "கணக்குப் போட்டவரு உங்களப் பார்த்ததில்லைங்களாட்ட இருக்குது."

பிறகு வரிசையாகக் கதவுகளைத் திறந்து பார்த்துக்கொண்டே போனார்; அவர் பின்னால் விற்பனையாளர், அவர் பின்னால் நான். ஒரே பெயர், ஒரே ஆண்டு, பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளில் எண் வேறு வேறாக இருந்தது. விஷயம் எளிது. வண்டியும் சுமையும் சேர்ந்து இவ்வளவுதான் என்று கம்பெனி ஓர் உச்ச எடை வைக்கிறது. அதிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் சுமக்கும் திறன். கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம், பின்கதவுகளோடு கூடிய பெரிய கேபின் என்று நாம் ஆசைப்பட்டுச் சேர்க்கும் ஒவ்வொன்றும் அந்த எண்ணிலிருந்துதான் கழிகிறது. நான் விரும்பிய வசதிகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அவற்றைச் சுமக்கவே அந்த வண்டிக்கு நேரம் சரியாக இருக்கும் போலிருந்தது.

அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்று இங்கே சொல்வதெல்லாம் பழைய காலத்துப் பட்டங்கள். 150, 1500 என்று எண் போட்டவை அரை டன். 250, 2500 முக்கால். 350, 3500 ஒரு டன். பட்டத்தைவிட அதிகமாகவே இன்றைய வண்டிகள் சுமக்கும், ஆனால் பட்டத்தை நம்பிக் கேம்பர் ஏற்ற முடியாது. முக்கால் டன்னிலேயே பெரிய டீசல் இன்ஜின் போட்ட வண்டிகள் உண்டு. அந்த இன்ஜின் பல நூறு பவுண்டு கூடுதல் கனம். உச்ச எடையையோ பலவற்றில் 10,000 பவுண்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள், ஏனென்றால் அதைத் தாண்டினால் வணிக வண்டிகளுக்கான விதிகள் எட்டிப் பார்க்கும். விளைவு, பார்க்க மலை மாதிரி நிற்கும் டீசல் வண்டி 2,000 பவுண்டுக்குக் கீழே சுமக்கும் விநோதமும் நடக்கிறது.

"இந்த ஊர்ல நம்ம பொலேரோவாட்டம் சின்ன வண்டியே கிடையாதுங்களா?" என்று கேட்டார் மாமனார். அந்தக் கதை எனக்குத் தெரியும். அறுபதுகளில் மேற்கு ஜெர்மனியும் பிரான்ஸும் அமெரிக்கக் கோழிக்கு வரியை ஏற்றின. பதிலுக்கு அதிபர் ஜான்சன் வெளிநாட்டு இலகு டிரக்குகளுக்கு 25 சதவீத வரி போட்டார். 1964-இல் வந்தது. கோழிச் சண்டை அடங்கிவிட்டது, டிரக் வரி அடங்கவில்லை. உலகமெல்லாம் ஓடும் டொயோட்டா ஹைலக்ஸ் இங்கே கடைக்கு வராததற்கு அதுவும் ஒரு காரணம். மாமனார் முகம் மலர்ந்தது. "கோழிக்கும் லாரிக்கும் சம்பந்தம் நாமக்கல்ல மட்டுந்தான்னு நெனச்சிருந்தேனுங்க."

அன்று மாலை வீட்டில் எடை போடும் படலம். கேம்பர் விளம்பரத்தில் வருவது உலர் எடை, அதாவது தண்ணீர், கேஸ், பேட்டரி, கூடுதல் வசதிகள், மனிதர்கள், மனிதர்களின் ஆசைகள் எதுவும் சேராத எடை. ஒரு கேலன் தண்ணீர் 8.34 பவுண்டு; 40 கேலன் தொட்டி நிரம்பினால் 330 பவுண்டைத் தாண்டும். 20 பவுண்டு கேஸ் சிலிண்டர் என்பது உள்ளே இருக்கும் கேஸின் எடை. உருளையோடு சேர்த்தால் 37 பவுண்டு பக்கம் வரும்.

மீதியைக் குளியலறைத் தராசில் பார்க்க வேண்டியதாயிற்று. பொருளைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் ஏறி நிற்க வேண்டும். பிறகு ஆளின் எடையைக் கழிக்க வேண்டும். அதற்கு ஆளின் எடை தெரிய வேண்டும். குடும்பமே சுற்றி நிற்க, நான் ஏறினேன். மகள் எக்செல்லில் பதிவு செய்தாள்.

"அப்புச்சி, அப்பாவைக் காலி வண்டின்னு போடறதா, லோடோடன்னு போடறதா?"

"சாப்பிட்டுட்டாரா கண்ணு?"

வெட் கிரைண்டர், குக்கர், 20 பவுண்டு சோனா மசூரி மூட்டை எல்லாம் பட்டியலில் ஏறின. கிரைண்டரை வீட்டில் வைத்துவிடலாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "அப்ப உங்க கேமரா பையையும் அந்த மடக்கு நாற்காலி நாலையும் வெச்சுருங்க" என்றாள் மனைவி. கிரைண்டர் வண்டியேறிற்று.

எடை முடிந்ததும் பாரம் எங்கே உட்காருகிறது என்ற கேள்வி வந்தது. கேம்பரின் பக்கச் சுவரில் அதன் புவியீர்ப்பு மையத்துக்குக் குறி போட்டிருப்பார்கள். ஏற்றியபின் அந்தக் குறி பின் ஆக்சிலுக்கு நேராகவோ கொஞ்சம் முன்னாலேயோ வர வேண்டும். பின்னால் போனால் முன் சக்கரத்தின் பாரம் குறைந்து ஸ்டீயரிங் பிடி தளரும். எட்டடித் தொட்டிக்குச் செய்த கேம்பரை ஐந்தரை அடித் தொட்டியில் வைத்தால் அதுதான் நடக்கும். "முன்னாடி தூக்குமுங்க" என்று மாமனார் இரண்டே சொல்லில் முடித்தார். பின்பக்கம் காற்றுப் பை வைத்துத் தூக்கி நிறுத்தலாமே என்றேன். "நாங்களும் எக்ஸ்ட்ரா பட்டை போட்டு ஓட்டுனவங்கதானுங்க. வண்டி நிமுந்து நிக்கும். ஆக்சில் தாங்கோணுமே? பிரேக் புடிக்கோணுமே?" காற்றுப் பையால் வண்டி சமமாக நிற்கும், ஸ்டிக்கர் எண் ஏறாது. டயரும் அப்படித்தான். அதிக பாரத்துக்கான லோடு ரேஞ்ச் ஈ வகை டயர் 80 பிஎஸ்ஐ வரை காற்றுத் தாங்கும். ஆனால் டயரை மாற்றினால் வண்டியின் உச்ச எடை மாறிவிடாது.

பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரம் உள்ள டூயலியைப் பார்த்ததும் மாமனாருக்கு ஊர் ஞாபகம் வந்து கண் கலங்கியது. சுவர் வெளியே நீளும் பெரிய கேம்பர்கள் சாமானோடு 4,000, 5,000 பவுண்டு எடை வருபவை; அவற்றுக்கு அதுதான் பொருத்தம். ஆனால் அதன் பின்புறம் எட்டடி அகலம். எங்கள் கராஜ் வாசலில் அது நுழைந்தால் கராஜ் இருக்காது. தெருவில் நிறுத்தினால் குடியிருப்போர் சங்கம் இருக்க விடாது. புல் இரண்டங்குலம் கூடினாலே கடிதம் போடுகிறவர்கள்.

கடைசியில் வாங்கியது வெள்ளை நிற ஒரு டன் வண்டி. பின்னால் ஒற்றைச் சக்கரம், எட்டடித் தொட்டி, பெட்ரோல் இன்ஜின், துடைத்தால் போகும் ரப்பர் தரை, முதுகை அதன் போக்கில் விட்டுவிடும் சாதா இருக்கை. கூரையில் தகரம்தான் தெரியும். ஆனால் ஸ்டிக்கரில் 4,000 பவுண்டுக்கு மேல். அதன்மேல் சுவர் நீளாத, அடக்கமான கேம்பர் ஒன்று. ஓட்டி வந்த அன்றே பக்கத்து வீட்டுக்காரர் வேலி ஓரம் வந்து, எனக்கு வேலை போய்விட்டதா என்று அனுதாபத்தோடு விசாரித்தார். எதிர்வீட்டம்மா தன் தோட்டத்துக்கு என்ன கூலி கேட்பேன் என்றார்.

தண்ணீர், கேஸ், கிரைண்டர், குடும்பம் எல்லாவற்றையும் ஏற்றி, பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குக் கிளம்பும் முன் நெடுஞ்சாலை லாரி நிறுத்தத்திலிருக்கும் கேட் ஸ்கேல் எடை மேடையில் வண்டியை ஏற்றினோம். முன் ஆக்சில் இவ்வளவு, பின் ஆக்சில் இவ்வளவு என்று தனித்தனியாகச் சீட்டு வந்தது. இரண்டும் வரம்புக்குள்தான். மாமனார் அந்தச் சீட்டைப் படமெடுத்து நாமக்கல் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். அமெரிக்காவிலிருந்து அவர் அனுப்பிய படங்களில் அதற்குத்தான் அதிகம் பாராட்டு வந்தது.

கேம்பர் ஆசை உள்ள அன்பர்களே, முதலில் கேம்பரை முடிவு செய்யுங்கள், வண்டி பிறகு. தண்ணீரும் கேஸும் சேர்த்து அதன் எடையை எழுதுங்கள். வீட்டாரின் எடையையும் உங்கள் எடையையும், பொய் சொல்லாமல், சாப்பிட்ட பிறகு பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு கடைக்குப் போய்க் கதவைத் திறந்து ஸ்டிக்கரைப் படியுங்கள். நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நாமக்கல் மாமனார் வாய்த்தவர்கள் அவரையும் அழைத்துப் போங்கள். வாய்க்காதவர்கள் வெள்ளெழுத்துக் கண்ணாடியை மறக்காதீர்கள். அந்த ஸ்டிக்கரில் எழுத்து ரொம்பச் சின்னது.