டெல்லியில் தானியங்கி சீட் பெல்ட்: தோற்றமும் வளர்ச்சியும்

தானியங்கி சீட் பெல்ட் அமெரிக்காவில் தழைத்து அமெரிக்காவிலேயே மடிந்தது என்பர் வாகன வரலாற்றாசிரியர். அக்கருத்துப் பொருந்தாது. அது கடல் கடந்து வந்து கரோல் பாக்கில் முழுமை பெற்றது என்பதே இக்கட்டுரையின் துணிபு. இப்பொருளில் இதுகாறும் ஒருவரும் ஆய்வு செய்யவில்லை என்பதே இதன் இன்றியமையாமைக்குச் சான்று. பல்கலைக்கழகங்களில் வேறு சான்று கேட்கும் வழக்கமும் இல்லை.

ஆய்வு எல்லை டெல்லி. நொய்டாவும் குருகிராமும் பிற்சேர்க்கையில் இடம்பெறும். பிற்சேர்க்கை இல்லை.

முதலில் முன்னோர் கொள்கை. 1974 மாடல் அமெரிக்கக் கார்கள், முன் இருக்கைக்காரர் பெல்ட் மாட்டினாலன்றி ஸ்டார்ட் ஆகமாட்டோம் என்று அடம் பிடித்தன. பக்கத்து இருக்கையில் காய்கறிப் பையை வைத்தால் அதற்கும் பெல்ட் கேட்டன. முட்டைக்கோசுக்கும் உயிர் உண்டு என்ற நம் நாட்டுக் கொள்கையை டெட்ராய்ட் ஏற்றது அந்த ஒருமுறைதான். அவ்வாண்டு முடிவதற்குள் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமியற்றி அந்தக் கட்டாயத்தை நீக்கியது; எச்சரிக்கை ஒலியும் எட்டு நொடியோடு நிற்கட்டும் என்றது.

மனிதன் மாட்டமாட்டான் என்று தெரிந்தபின், இயந்திரமே மாட்டிவிடட்டும் என்ற கொள்கை வலுத்தது. 1975 ஃபோக்ஸ்வாகன் ரேபிட்டில் பெல்ட்டைக் கதவோடு பிணைத்தார்கள். 1981 டொயோட்டா கிரெசிடாவில் கதவுச் சட்டத்தின் மேலே ஒரு தண்டவாளம், அதில் ஒரு சிறு மோட்டார். கதவைத் திறந்தால் பெல்ட் முன்னே ஓடி வழிவிடும். சாத்திச் சாவியைத் திருகினால் உறுமிக்கொண்டே பின்னே வந்து தோளை அணைக்கும். ஆனால் இடுப்பு பெல்ட்டைக் கையால்தான் மாட்ட வேண்டும். எல்லாவற்றையும் இயந்திரம் பார்த்துக்கொண்டது என்று நம்பிய மக்கள் இடுப்பை மறந்தார்கள். தோளுக்கு இயந்திரம், இடுப்புக்கு மனிதன் என்ற இந்தத் துவைதமே அம்முறையின் பிழை. ஆட்களைத் தானாகவே காக்கும் ஏற்பாடு வேண்டும் என்று அமெரிக்க அரசு 1984இல் ஆணையிட்டது. 1990 மாடலுக்குள் எல்லாக் கார்களிலும் அது வந்தாக வேண்டும். ஏர்பேக்கை விடப் பெல்ட் மலிவு என்று கண்ட கம்பெனிகள் பல பெல்ட்டைப் பிடித்துக்கொண்டன. 1998 மாடல் முதல் முன் இருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது. தண்டவாளம் போயிற்று.

இனி டெல்லி. இங்குள்ளோரில் அணிவோர் ஒரு வகை; அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போலீஸ்காரரைக் கண்டதும் பெல்ட்டை இழுத்து மார்பின் குறுக்கே கையால் பிடித்துக்கொண்டு, சிக்னல் தாண்டியதும் விடுவோர் இன்னொரு வகை. மூன்றாம் வகையினர் தாம் அணியாது காருக்கு அணிவிப்போர். இவர்களே நம் ஆய்வுப்பொருள்.

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் விற்கும் கார்களில், முன் இருக்கைக்காரர் பெல்ட் மாட்டாவிட்டால் ஒலி எழுந்தாக வேண்டும். அந்த ஒலியின் தர்க்கத்தைக் கவனிக்க. பெல்ட் ஆளின் மீது கிடக்கிறதா என்பது காருக்குத் தெரியாது. பக்கிளுக்குள் ஒரு நாக்கு புகுந்ததா என்பது மட்டுமே தெரியும். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதுபோல், நாக்கைக் கண்டு ஆளை ஊகிக்கிறது. நெருப்பில்லாமல் புகையை மட்டும் விற்றால் என்ன என்று யாரோ ஒரு வியாபாரிக்குத் தோன்றியது. பெல்ட் இல்லாத வெறும் நாக்கு. அதுவே அலாரம் ஸ்டாப்பர் கிளிப்.

இதற்கு இலக்கணம் இல்லாத குறையை நீக்க யாமே ஒரு நூற்பா யாத்தனம்:

நாவொன்று புகுமே ஓலம் அடங்குமே
பட்டை கிடக்குமே பயணம் நடக்குமே.

'ஓலம்' காரின் ஓலம் என்பது கடைக்காரர் உரை (கரோல் பாக், கண்ணாடி அலமாரி, மேல் தட்டு). அன்று, பக்கத்தில் அமர்ந்த மனைவியின் ஓலம் என்பது டாக்சிக்காரர் உரை (காஷ்மீரி கேட், இரண்டாம் டீ, சர்க்கரை குறைவு). இரண்டும் ஒன்றே என்று சமன்செய்யும் மூன்றாம் உரை, உதிரிபாகக் கடை ரசீதொன்றின் பின்புறத்தில், எண்ணெய்க் கறைக்கு வடகிழக்கே, பென்சிலால் எழுதப்பெற்று, பின் யாராலோ அழிக்கப்பெற்று, யாம் வேண்டியவாறே படிக்கத்தக்க நிலையில் உள்ளது. இதைக்காட்டிலும் மெலிந்த சான்றால் சங்க காலத்தை முன்னும் பின்னும் ஐந்நூறு ஆண்டு நகர்த்தியோர் நம்மிடையே உளர். அவர்களுக்குப் பொன்னாடையும் போர்த்தியாயிற்று.

பாடபேதங்களும் உண்டு. கார் கம்பெனி முத்திரை பொறித்தது, பொறிக்காதது என இரண்டு. ஆல்ட்டோவின் பக்கிளில் பி.எம்.டபிள்யூ முத்திரையிட்ட கிளிப் காணப்படின் அதனை இடைச்செருகல் என்று தள்ளுக. பாட்டில் திறப்பான் என்ற புனைபெயரில் உலவிய பிரதிகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே கண்டறிந்தது. குடிக்கத் திறந்து, ஓட்ட மூடும் இந்த ஈரடுக்குப் பொருண்மை தனி முனைவர் பட்டத்துக்கு உரியது.

அரசவைச் சான்றும் குறைவில்லை. நான்கு முதலமைச்சர்களின் கார்களில் இந்தக் கிளிப்பைப் பார்த்ததாக அமைச்சர் நிதின் கட்கரி 2022இல் மேடையில் சொன்னார், பெயர்களைச் சொல்லவில்லை. ஆகவே கிளிப் பாமரர் வழக்கு மட்டுமே என்ற கொள்கை வீழ்கிறது. கிரெசிடா ஆளுக்கு அணிவித்தது. டெல்லியிலோ கார் தனக்குத் தானே அணிந்துகொண்டு அமைதியுறுகிறது. அணிவதும் அதுவே, அணியப்படுவதும் அதுவே, ஆள் மாயை. துவைதம் கடந்த இந்நிலையை டெட்ராய்ட் கனவிலும் எட்டவில்லை.

பின்னர் சுவடிகளுக்கு அழிவு நேர்ந்தது. 2023 மே மாதம் அந்த ஆணையத்தின் உத்தரவால் ஐந்து இணையக் கடைகளிலிருந்து 13,118 கிளிப் பட்டியல்கள் நீக்கப்பட்டன. அமேசானில் மட்டும் 8,095. மீஷோவில் 21. ஸ்னாப்டீலில் ஒன்று, ஷாப்க்ளூஸில் ஒன்று. இவ்விரண்டின் தனிமை ஆராயத்தக்கது. 2021இல் சீட் பெல்ட் அணியாமல் 16,397 பேர் இறந்தனர் என்ற அரசுக் கணக்கைச் சிலர் நம்மிடம் நீட்டுகின்றனர். அது புறச்சான்று, நூற்பாவில் இடமில்லை.

எஞ்சியது பின் இருக்கை. 2022 செப்டம்பர் 4 அன்று பால்கரில் நேர்ந்த விபத்தில், பின் இருக்கையில் பெல்ட் அணியாதிருந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்த்ரி இறந்தார். பத்து நாள் கழித்து டெல்லி போலீஸ் பாராகம்பா சாலையில் நின்று, பின் இருக்கைக்காரர் 17 பேருக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய் சலான் போட்டது. பின் இருக்கைப் பகுதியில் கள ஆய்வுக்கு முயன்றோம். பக்கிள்கள் சீட் கவருக்கு அடியில், பிஸ்கட் தூளுக்கும் அடியில், புதையுண்டு கிடக்கின்றன. புராணா கிலாவைத் தோண்டிய தொல்லியல் துறைக்கு விண்ணப்பித்துள்ளோம். சீட் கவரைக் கிழிக்கக் கார்க்காரர் இன்னும் சம்மதிக்கவில்லை.