இரண்டு பிளக், 12 வருஷம்

கே: பெரிய கம்பெனிக்குக் காப்புரிமை கொடுத்தாகிவிட்டது என்றால், ஒரகடத்துப் பட்டறைக்காரர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதுதானா? — ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

ப: டிவிஎஸ் மூடிக்கொண்டதா? சின்ன சிலிண்டருக்குள் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கும் பஜாஜின் காப்புரிமையை ரத்து செய்யக் கோரி 2007-இல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனது. பஜாஜ் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 2008 பிப்ரவரியில் டிவிஎஸ்ஸின் 'ஃபிளேம்' பைக்குக்குத் தடை. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கியது. செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், 'கணக்கு வைத்துக்கொண்டு விற்கலாம்' என்றது. சமரசம் வந்தது 2019-இல். இரண்டு பிளக் பற்றவைத்த ஃபிளேம் அணைய 12 வருஷம்!

காப்புரிமை வழங்கிய செய்தி காப்புரிமை அலுவலக இதழில் வெளியான ஒரு வருஷத்துக்குள், அதே தொழிலில் இருக்கும் எவரும் காப்புரிமை அலுவலகத்திலேயே எதிர்ப்பு மனு போடலாம். அதன் முடிவு பிடிக்கவில்லையா? மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. டிவிஎஸ் போன அந்த வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. வருஷம் தாண்டிப் போனாலும் ரத்து மனுவோடு உயர் நீதிமன்றம் போக வழியுண்டு. கம்பெனி விண்ணப்பிக்கும் முன்பே அதே பாகத்தை நீங்கள் வெளியே விற்றிருந்தால், தேதி போட்ட அந்தப் பழைய பில்தான் உங்கள் பலமான சாட்சி. தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.