மண்டபத்துக்கு எந்த மஞ்சள்?

பேராக்கில், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தின் ஆலய நிர்வாகக் குழுவினருக்கு,



மண்டபத்து உள்சுவருக்குச் சாயம் தேர்ந்தெடுக்கும் திருப்பணி தைப்பூசத்தில் தொடங்கி, தீபாவளியையும் தாண்டிச் சிறப்பாக நடந்துவருவதில் மகிழ்ச்சி. மேடைக்கு இடப்பக்கம் இரண்டு கட்டம் அடித்து வைத்திருக்கிறீர்கள். மேலே இருப்பது சந்தனம், கீழே இருப்பது பாதாம் என்கிறார் செயலாளர். பொருளாளர் அதையே மாற்றிச் சொல்கிறார். நடுவிலுள்ள பென்சில் கோட்டை அழித்துவிட்டால் இருவரும் ஒரே கட்சி.

சந்தனக் கட்சி ஈப்போவில் சாயக்கடை ஏறி வண்ண அட்டை வாங்கிவந்தது. அட்டையை நம்பக்கூடாது, காலை வெயிலிலும் இரவு டியூப் லைட்டிலும் சுவரையே பார்க்கவேண்டும் என்றது பாதாம் கட்சி. நியாயம்தான், வெளிச்சம் மாறினால் மஞ்சளும் மாறும். மழையிலும் பார்த்தீர்கள். கூரைத் தகர ஓட்டையில் இறங்கிய நீர் இரண்டு கட்டத்திலும் ஒரே மாதிரி வழிந்திருந்தது. அது மூன்றாவது நிறமாகக் கூட்டக் குறிப்பில் ஏறியது. ஓட்டை ஏறவில்லை.

நம்மவர்களுக்கு இந்தக் கண் புதிதல்ல. புகைக்கூடத்திலிருந்து இறக்கிய ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்து, நிறமும் குமிழும் பார்த்து, ஒன்று முதல் ஐந்துவரை தரம் பிரித்த பரம்பரை. 1965இல் எஸ்.எம்.ஆர். என்ற ரப்பர் தரத் திட்டம் வந்து, அழுக்கு எவ்வளவு என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து தரம் சொல்லத் தொடங்கினார்கள். வேலையிழந்த அந்தக் கண்கள் எங்கே போயினவோ என்றிருந்தேன். தங்கள் குழுவுக்குத்தான் வந்திருக்கின்றன.

லய வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடித்த நாளில் இந்தத் தொல்லை இல்லை. ஈப்போவைச் சுற்றி நிற்பதே சுண்ணாம்புக் குன்றுகள். துரை நிறம் கேட்கவுமில்லை, நாம் சொல்லவுமில்லை.

ஒரே ஒரு சந்தேகம். மண்டபம் நிற்கும் நிலம் இன்னும் ஆலயத்தின் பெயரில் இல்லை. தோட்டம் கைமாறிவிட்டது. புது முதலாளி வீடமைப்புத் திட்டம் போட்டால் மண்வாரி இயந்திரம் வரும். அதுவும் மஞ்சள்தான், அதற்கு வாக்கெடுப்பு கிடையாது.

நிலப்பட்டா விண்ணப்பக் கோப்பு, அலுவலக அலமாரியின் கீழ்த்தட்டில், மாதிரிச் சாய டின்களுக்கு அடியில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதலில் அதை எடுத்து மேசைமேல் வையுங்கள். அடுத்து கூரை. சாயத்துக்குப் பூவா தலையா போட்டுக்கொள்ளுங்கள். பத்துக் காசு நான் தருகிறேன்.

இப்படிக்கு,
சந்தா பாக்கி இல்லாத ஓர் உறுப்பினர்