கடிகாரப் பட்டைக்கு அடியில்

"ஏன் மாப்ளே, இப்பிடிக் கறுத்துப் போயிட்டே?"

மதுரையிலிருந்து வரும் பேருந்து இராமநாதபுரத்தில் நின்று, நான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, இரண்டாவது காலைத் தரையில் ஊன்றுவதற்கு முன்பாகவே இந்தக் கேள்வி என்னை வந்து அடைந்துவிடும். சௌக்கியமா என்பது அதற்குப் பிறகு; சாப்பிட்டாயா என்பது அதற்கும் பிறகு. என் தாயார் காலமான வருஷம் துக்கம் விசாரிக்க வந்தவர், துண்டால் கண்களை ஒற்றிக்கொண்டு, என் தோளில் கை வைத்து, தொண்டை கம்ம, "அழுது அழுது ஆளே கறுத்துப் போயிட்டியேப்பா" என்றுதான் ஆரம்பித்தார்.

இவர் யாரென்று எங்கள் சீமைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாம்பனில் ஒருவர், மண்டபத்தில் ஒருவர், கீழக்கரையில் ஒருவர் என்று ஊருக்கொருவர் வீதம் விதியால் நியமிக்கப்பட்டிருக்கிற இந்த வர்ண பரீட்சகரை, மாமாவாகவோ பெரியப்பாவாகவோ அடுத்த வீட்டு ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தராகவோ எல்லோரும் அறிவார்கள். ஆகவே நான் குறிப்பிட்ட ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன் என்று என் தாய்வழி உறவினர் யாரும், விசேஷமாக வெளிப்பட்டினத்தில் குடியிருப்பவர்கள் யாரும், எண்ணிவிடக் கூடாது.

கேள்வியோடு விட்டுவிட்டால் அவர் சாமானிய மனிதர். அவருடைய பிரதாபமெல்லாம் அதற்கு அடுத்த காரியத்தில் இருக்கிறது. பதிலை எதிர்பாராமல் அவர் நம் இடது கையைப் பற்றுவார். நாடி பார்க்கும் வைத்தியரைப் போலத் தம் மடியருகே இழுத்து வைத்துக்கொள்வார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவார். பிறகு, திரையை விலக்கிக் கர்ப்பக்கிருகத்தைக் காட்டும் அர்ச்சகரின் பயபக்தியோடு, நம் கைக்கடிகாரத்தின் பட்டையை முழங்கைப் பக்கமாக இரண்டு விரற்கடை நகர்த்துவார். அங்கே, நாலு பக்கமும் வெயிலால் சூழப்பட்டும் வெயில் காணாத அந்த ஒரு விரற்கடைத் தோல், சற்றே வெளிறி, சற்றே ஈரமாக, பட்டையின் தையல் தடம் பதிந்து கிடக்கும். "பாத்தியா! இதுதான் மாப்ளே ஒன் அசல் நெறம்!" என்பார். அந்தக் குரலில், காணாமற்போன பிள்ளையைத் திருவிழாக் கூட்டத்தில் கண்டுபிடித்துக் கொடுத்தவரின் பெருமிதம் இருக்கும்.

இதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிடுவது அவருக்கு நியாயம் செய்வதாகாது. இது ஒரு சித்தாந்தம். மனிதனாய்ப் பிறந்த ஒவ்வொருவனும் சொரூபத்தில் சிவப்பானவனே. கறுப்பு என்பது சூரியன் என்கிற உபாதியால் மேலே படிந்த ஆவரணம். கடிகாரப் பட்டைக்கு அடியில் நிர்மலமாக விளங்கும் வஸ்துவே நான் என்று உணர்ந்து, குடை பிடித்துக்கொண்டு நடப்பவனுக்கு மோட்சம் உண்டு. சங்கரர் பாம்பையும் கயிற்றையும் வைத்து விளக்கியதை இவர் கைக்கடிகாரத்தை வைத்து விளக்குகிறார். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9 பாகையில் குடியிருந்துகொண்டு வெயிலைப் பழிப்பதில் அர்த்தமில்லை என்றும், நிறமியை உண்டாக்கும் அணுக்கள் எல்லாத் தேசத்தார் தோலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன, அவை சுரக்கும் அளவும் வகையும்தான் வேறு என்றும், நீங்கள் பிடிக்கச் சொல்லும் குடையைத் தோல் தானே பிடித்துக்கொள்வதற்குத்தான் கறுப்பு என்று பெயர் என்றும் நான் ஒருமுறை எடுத்துரைத்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் பட்டையை மறுபடி நகர்த்தி, "அப்ப இது என்ன?" என்றார். பிரத்தியட்சப் பிரமாணத்துக்கு முன்னால் விஞ்ஞானம் என்ன செய்யும்?

கடிகாரம் கட்டாதவர்களிடத்தில் அவர் அயர்ந்துவிடுவதில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையானால் காலுறையைக் கீழே இறக்குவார். புதிதாய்க் கல்யாணமானவனானால் மோதிரத்தைத் திருகுவார். செருப்பு வாருக்கு அடியிலும் அசல் உண்டு. சட்டையில்லாமல் நாள் முழுவதும் வலை இழுக்கிற மனிதர்களிடம் மட்டும் அவருடைய சாஸ்திரம் சிறிது நேரம் தடுமாறும், கடற்கரையில் அவர்களைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்து, எந்த இடமும் அகப்படாமல், கடைசியில் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, "இந்தா இருக்கு பாரு!" என்று ஆனந்திப்பார். கைப்பேசி வந்து இளைஞர்கள் கடிகாரம் கட்டுவதை விட்டொழித்த காலம் அவருக்கு வனவாசம். இப்போது நடந்த காலடிகளை எண்ணிச் சொல்லும் புதுவகைக் கடிகாரங்கள் வந்து, அகலமான ரப்பர் பட்டையோடு எல்லார் கையிலும் ஏறிவிட்டதனால், பரீட்சைக்கு முன்னைக் காட்டிலும் விஸ்தாரமான களம் கிடைத்திருக்கிறது.

அவருடைய நிகண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெளுப்பு என்பதற்கு அவர் அகராதியில் சிவப்பு என்று பெயர். அதன் உச்சம், சுண்டினால் இரத்தம் வருகிற நிறம். அதற்குக் கீழே எலுமிச்சை, சந்தனம், கோதுமை. கோதுமைக்குக் கீழே உள்ள சமஸ்த பிரஜைகளும் மாநிறம். கறுப்பு என்ற சொல் அடுத்த வீட்டுப் பெண்ணைக் குறிக்க மட்டுமே பிரயோகமாகும். அதுவும் "கறுப்புத்தான், ஆனா களையா இருப்பா" என்ற பரிகாரத்தோடு. மாநிறம் என்பது மாந்தளிரின் நிறம், அதைத்தான் பழைய புலவர்கள் மாமை என்று கொண்டாடினார்கள், மேனி வெளுத்துப்போவதைப் பசலை என்று நோயாகக் கருதினார்கள், வள்ளுவர் 119-ஆம் அதிகாரம் முழுவதையும் அந்த நோய்க்கே ஒதுக்கியிருக்கிறார் என்றெல்லாம் அவரிடம் சொன்னால் எடுபடாது. அவர் அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் வாசல்தோறும் சென்று, "ஏம்மா இப்பிடி வெளுத்துப் போயிட்டே?" என்று விசாரித்திருப்பார். அவருக்கு விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். திருப்புல்லாணியில், கடலரசன் வரவை நோக்கித் தர்ப்பைப் புல்லின்மேல் கிடந்த நீலமேக சியாமளனைச் சேவித்துவிட்டு வெளியே வந்தபோது, "அத்தன நாளு இந்தக் கடக்கரையில படுத்துக் கெடந்தா என்னத்துக்காகும்?" என்று அவர் பெருமூச்சு விட்டதை நான் என் காதால் கேட்டேன்.

அவருடைய சொந்த நிறத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றும். அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புச் சட்டியைப் போன்று, எவ்விதச் சந்தேகத்துக்கும் இடமளிக்காத, தீர்மானமான கறுப்பு. "எல்லாம் சர்வீஸ்ல போனது மாப்ளே" என்பார். பிறந்த அன்று அவர் சுண்டினால் இரத்தம் வருகிற நிறத்தில் இருந்ததற்கு அவருடைய தாயார் சாட்சி; அந்த அம்மாள் இன்று இல்லை. இடது கையில் பழைய எச்.எம்.டி. கடிகாரம் ஒன்று, மணிக்கட்டைப் பிடித்து இறுக்கியபடி, நான் அறிந்த நாள் முதலாக இருக்கிறது. அதன் பட்டையை யாரும் நகர்த்திப் பார்த்ததில்லை.

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு மாசி மாதத்தில், உச்சிப்புளிக்குப் பக்கத்தில் உள்ள அரியமான் கடற்கரைக்கு அவரை அழைத்துச் சென்றிருந்தேன். சவுக்குத் தோப்பின் நிழலில் நாங்கள் உட்கார்ந்திருக்க, எதிரே, உச்சி வெயிலில், மணலில் துண்டை விரித்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் படுத்திருந்தாள். கருவாட்டைப் புரட்டுவதுபோல் அரைமணிக்கொருதரம் தன்னைத் தானே புரட்டிக்கொண்டாள். மாமா நிலைகொள்ளாமல் தவித்தார். அப்போது அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து, தன் இடது கையை மடியில் வைத்து, கடிகாரப் பட்டையை இரண்டு விரற்கடை நகர்த்தி, குனிந்து உற்றுப் பார்த்தாள்.

மாமாவின் முகம் மலர்ந்ததை நான் வர்ணிக்க முடியாது. ஏழு கடலுக்கு அப்பாலிருந்து தம் மதத்தைச் சேர்ந்த ஓர் ஆத்மா வந்து வாய்த்துவிட்டதென்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். துபாஷியாக என்னையும் இழுத்துச் சென்றார். "ஐயோ, இம்புட்டுப் போயிடுச்சேம்மா!" என்று அவர் அந்த வெள்ளைக் கீற்றைக் காட்ட, அந்த அம்மாளோ அதே கீற்றைக் காட்டி, "எவ்வளவு ஏறியிருக்கிறது பாருங்கள்!" என்று பூரித்தாள். விடுமுறைக்குப் போய்விட்டு வெள்ளையாகவே வீடு திரும்பினால், அடைமழையில் அறைக்குள் கிடந்தாயா என்று கூட வேலை செய்பவர்கள் பரிதாபப்படுவார்களாம். நான் மொழிபெயர்த்ததைக் கேட்ட மாமா நெடுநேரம் மௌனமாக நின்று, "இந்தம்மா வீட்டுல பெரியவுங்க யாரும் இல்லையா?" என்று மட்டும் கேட்டார். புறப்படும்போது அவள் மாமாவின் கையைச் சுட்டி, எவ்வளவு அழகான நிறம் என்றாள். அதையும் மொழிபெயர்த்தேன். "நீயாச் சேத்துச் சொல்றே" என்றார்.

திரும்பும் பேருந்தில் நான் உபந்நியாசம் செய்தேன். ஐரோப்பாவிலும் ஒரு காலத்தில் கன்றிய மேனி உழவனுடையது, வெளுத்த மேனி பிரபுவினுடையது. பிறகு ஆலைகள் வந்து ஏழை ஜனங்கள் கூரைக்குள் அடைபட்டு வெளுத்தார்கள். ஒளியால் தோல் காசநோயைத் தீர்த்த டென்மார்க்கு வைத்தியர் ஃபின்செனுக்கு 1903-இல் நோபல் பரிசு கிடைத்து வெயிலுக்கு மரியாதை ஏறிற்று. 1920-களில் கோகோ ஷனேல் போன்ற நாகரிகச் சீமாட்டிகள் கடற்கரைகளில் கன்றித் திரும்ப, கன்றுவதே செல்வத்தின் இலட்சணமாயிற்று என்றேன். மாமா யோசித்தார். "அப்ப அங்க நெழல்ல நிக்கிறவன் கூலிக்காரன், வெயில்ல படுத்துக் கெடக்குறவன் மொதலாளி. இங்க அது திருப்பி. அப்பிடின்னா விசயம் நெறத்துல இல்ல, வேலையிலதான் இருக்கு, அப்படித்தானே?" என்றார். நான் திகைத்துப் போனேன். சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்கி எடுக்கும் கடற்பாசியிலிருந்து பிறக்கும் கூழ்ப்பொருள் முகப்பூச்சுகளிலும் சேர்வதுண்டு என்கிற அடுத்த பாடத்தை நான் தொடங்குமுன், வாலாந்தரவையில் ஒரு கல்லூரி மாணவன் ஏறி எங்கள் அருகே கம்பியைப் பிடித்து நின்றான். அவன் கையில் கடிகாரம் இருந்தது.

"ஏன் தம்பி, இப்பிடிக் கறுத்துப் போயிட்டே?"

என் தமக்கை மகள் நானூறு மீட்டர் ஓடுவாள். மாவட்ட அளவில் பதக்கம் வாங்கியவள். பெண் பார்க்க வரப்போகிறார்கள் என்று பேச்சு எழுந்தவுடன், ஆறு மாதம் அவள் மைதானத்தில் இறங்கக் கூடாதென்று தீர்ப்புச் சொன்னவர் இவர்தான். மாலையில் ஓடட்டுமே என்றேன். மாலை வெயிலும் வெயில்தான் என்றார். 1975 முதல் இந்தியச் சந்தையில் இருக்கும் ஃபேர் அண்டு லவ்லி, 2020-இல் தன் பெயரிலிருந்து 'ஃபேரை' எடுத்துவிட்டுக் குளோ அண்டு லவ்லி ஆகிவிட்டதே, அவர்களே கைவிட்டதை நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்றேன். "பட்டையைத்தானே மாத்தினான், கை அதே கைதானே" என்று சொல்லி இரண்டு குழாய் வாங்கிவந்து கொடுத்தார். வந்தவர்கள் எத்தனை சவரன் என்று கேட்டார்கள், காப்பி குடித்தார்கள், பிள்ளையின் தாயார், "பொண்ணு மாநிறமோ?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்தார், மூன்றாம் நாள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். அந்த ஆறு மாதத்துக்குள் மாநிலப் போட்டிக்குத் தேர்வு நடந்து முடிந்துவிட்டது. அந்தப் பெண் அதன் பிறகு ஓடவில்லை. மாமா நல்லவர், அவள் நன்மைக்காகத்தான் சொன்னார் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆறு மாதத்தை யாரிடம் போய்க் கேட்பது?

சென்ற மார்கழித் திருவாதிரைக்கு உத்தரகோசமங்கை போயிருந்தோம். வருஷம் முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கிற மரகத நடராஜர், அதைக் களைந்து தரிசனம் தருவது அப்போது மட்டுமே. ஓசை பட்டால் மரகதம் அதிருமென்று அந்தக் காப்பு என்பார்கள். மணிக்கணக்கில் வரிசையில் நகர்ந்து சந்நிதியை எட்டியபோது, சந்தனத்தின் பொன்வெளுப்பெல்லாம் போய், தீபத்தின் ஒளியில் கரும்பச்சையாக நின்றார் பெருமான். மாமாவின் கண்களிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. "அசல் சொரூபம் மாப்ளே, அசல் சொரூபம்" என்று நடுங்கும் குரலில் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்தில் அவரைத் தர்க்கத்துக்கு இழுப்பது மகாபாவம் என்று பட்டது.

வெளியே வந்து, கோபுர வாசலில் சுக்குக் காப்பி வாங்கிக் குடித்து முடித்ததும், வழக்கம்போல் என் இடது கையைப் பற்றினார். சில மாதங்களாக நான் கடிகாரம் கட்டுவதில்லை. மணிக்கட்டு முழுவதும் ஒரே நிறமாக இருந்தது. அவர் திருப்பித் திருப்பித் தேடினார்.

"எங்க மாப்ளே, ஒன் அசல் நெறம்?"

"இதுதான் மாமா."

அவர் முகத்தில் உண்மையான கவலை படர்ந்தது. "வாட்ச்சு கட்டு மாப்ளே. இருக்குறதாவது மிஞ்சட்டும்" என்றவர், திடீரென்று ஏதோ தீர்மானித்தவராக, "இந்தா, இதக் கட்டிக்க" என்று தம் எச்.எம்.டி.யின் கொக்கியைக் கழற்ற ஆரம்பித்தார். பாதி கழற்றியவர், நான் அந்த மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தார். ஒரு கணம் கை நின்றது. பிறகு கொக்கியை மறுபடியும் மாட்டி, முன்னைக் காட்டிலும் ஒரு துளை இறுக்கிக்கொண்டு, "பஸ்சுக்கு நேரமாச்சு" என்று குடையை விரித்தார்.